ஆந்தூரியத்துக்கு மருந்து வேண்டாம், கதம்பலைக் கழுவுங்கள்

கேள்வி: குலசேகரம் பக்கத்தில் பழைய ரப்பரை வெட்டிவிட்டு, நிழல்வலை போட்டு 800 தொட்டிகளில் ஆந்தூரியம் பூச்செடி வைத்திருக்கிறேன். மழைக்காலம் முழுவதும் நன்றாக இருந்த செடிகள், மாசி வெயில் தொடங்கியதும் இலை நுனியிலும் ஓரத்திலும் கருகுகின்றன. பூ சிறுத்து, மடலின் அடிப்பக்கம் பழுப்பாகிறது. மருந்துக்கடையில் கருகல் நோய் என்று சொல்லி காப்பர் ஆக்சிகுளோரைடும் ஒரு டானிக்கும் கொடுத்தார்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை தெளிக்க வேண்டும், ஐயா? தொட்டிகளில் மணக்குடிப் பக்கமிருந்து மலிவாக வாங்கிய கதம்பல் (தேங்காய் மட்டை) துண்டுகளும் கரியும் போட்டிருக்கிறேன்.

பதில்: ஒருமுறைகூடத் தெளிக்காதீர்கள். செம்பு மருந்து ஆந்தூரியத்துக்கு ஒத்துக்கொள்ளாது. அதுவே இலையைப் பொசுக்கிவிடும். டானிக்கைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்டு வாங்குங்கள் அம்மா. தொட்டியில் என்ன நிரப்பியிருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் பாட்டிலை நீட்டுகிறவருக்குச் சரக்கைத் தள்ளத்தான் தெரியும், செடியைத் தெரியாது.

ஆந்தூரியத்துக்குப் பாக்டீரியா கருகல் வருவது உண்மைதான். 1980களில் ஹவாய்த் தீவுகளின் ஆந்தூரியத் தோட்டங்களைச் சாய்த்தது அதுதான். ஆனால் அது மழையிலும் தெறிக்கிற நீரிலும் பரவுவது. உங்கள் செடியோ மழையில் தேறி வெயிலில் கருகுகிறது. சந்தேகம் இருந்தால் ஓர் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பாக்டீரியா என்றால் ஓரத்தை ஒட்டி நீர் கோத்த சிறு புள்ளிகளும் அவற்றைச் சுற்றி மஞ்சள் வளையமும் இருக்கும். காம்பை வெட்டிக் கண்ணாடி டம்ளர் நீரில் நிறுத்தினால், வெட்டுவாயிலிருந்து கலங்கிய கசிவு நூல்போல் இறங்கும். இறங்கினால் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் உடனே காட்டுங்கள். புள்ளி ஏதும் இல்லாமல், நுனியிலிருந்து காய்ந்த பழுப்பு மட்டும் உள்ளே ஏறியிருந்தால் அது உப்பு. உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது உப்பு என்றே தோன்றுகிறது.

கதம்பலைக் கழுவினீர்களா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. மணக்குடிக் காயல் நீரில் ஊறிய கதம்பல் கயிறு திரிக்க ஏற்றது. பூந்தொட்டிக்கு அது உப்பு மூட்டை. காயலைக் காணாத கதம்பலிலும் சோடியமும் பொட்டாசியமும் இயல்பாகவே உண்டு. நாரைப் பற்றிக்கொண்டிருக்கும் அவற்றை வெறும் நீர் முழுதாக எடுக்காது, கால்சியம் வந்து தள்ளினால்தான் இடம்விடும். அதை முன்கூட்டியே செய்யாவிட்டால், பிறகு நீங்கள் கொடுக்கும் கால்சியத்தையும் நாரே பிடித்துக்கொள்ளும். மடலின் அடி பழுப்பாவது பெரும்பாலும் அந்தக் கால்சியப் பஞ்சத்தால்தான். மழை உப்பை வடித்துக்கொண்டே இருந்ததால் இத்தனை நாள் தெரியவில்லை.

இனி வாங்கும் கதம்பலை நல்ல தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, தினமும் நீரை மாற்றி மூன்று நாள் வையுங்கள். பிறகு லிட்டருக்கு 10 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு, மறுநாள் அலசுங்கள். கழுவிய கதம்பல் என்று மூட்டையில் அச்சடித்து விற்பதையும் நம்ப வேண்டாம். நீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும், பேனா போன்ற டி.டி.எஸ். கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், டானிக் காசுக்கே கிடைக்கும். கதம்பல் ஊறிய நீரை அதில் அளந்து பார்த்துவிட்டுத் தொட்டியை நிரப்புங்கள்.

இப்போதுள்ள செடிகளைப் பிடுங்க வேண்டாம். தொட்டி கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு நீரை மெதுவாக, இலையில் படாமல் ஊற்றி அடியில் வடியவிடுங்கள். கடைசியில் வடியும் நீர் டி.டி.எஸ். கருவியில் 600 பி.பி.எம்.முக்குக் கீழே காட்டும்வரை சில நாள் இடைவெளியில் திரும்பச் செய்யுங்கள். அதுவரை உரம் கூடாது. கிணற்று நீரையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். நீரே உப்பாக இருந்தால் மழைநீரைச் சேமிப்பதைத் தவிர வழியில்லை. உரத்தை மீண்டும் தொடங்கும்போது கால்சியம் நைட்ரேட்டை மிக மெலிதாகக் கொடுங்கள். யூரியா, அம்மோனியம் உரங்கள் பக்கமே போகாதீர்கள். அம்மோனியம் மிகுந்த செடியைத்தான் அந்தப் பாக்டீரியா சுலபமாகப் பிடிக்கிறது.

கருகிய இலை மறுபடி பச்சையாகாது. அதற்காக எல்லாவற்றையும் கழித்துவிடாதீர்கள், செடிக்கு நான்கு இலையாவது நிற்கட்டும். இனி விரியும் இலையின் நுனியைக் கவனியுங்கள். அது சுத்தமாக வந்தால் அந்த இலைக்கணுவில் வரும் பூவும் சரியாக இருக்கும்.