சாமைக்கு மாறியும் சர்க்கரை குறையவில்லையே? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடந்த இரண்டு மாதங்களில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். பாட்டி காலத்துச் சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும், ஆனால் இன்றைய ஓட்டத்தில் எப்படி? இருபது ஆண்டுகளுக்கு மேலாக உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். இந்த ஆசை எனக்கு மிகவும் பிடித்த ஆசை. அதைத் தவறான வழியில் செலவழித்துவிட்டுப் பலர் சோர்ந்துபோவதைப் பார்ப்பதால், சில பதில்கள் கொஞ்சம் கறாராக இருக்கும்.

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. சர்க்கரை நோய் வந்து ஆறு வருடம் ஆகிறது. நாலு மாதமாக அரிசியையே நிறுத்திவிட்டோம். மதியம் சாமைச் சோறு, ராத்திரி கேழ்வரகுக் கூழ். ஆனாலும் சர்க்கரை அளவு அப்படியேதான் இருக்கிறது மேடம். என்ன தப்பு செய்கிறோம்? (விருத்தாசலம் வாசகி)

இதே குறையோடு வந்த ஒருவரிடம், அடுத்த முறை வரும்போது மதியச் சாப்பாட்டு டப்பாவையே எடுத்து வாருங்கள் என்று சொன்னேன். தராசில் வைத்துப் பார்த்தோம். சாமைச் சோறு மட்டும் 430 கிராம். கூடவே இரண்டு கரண்டி சாம்பார், ஓரத்தில் ஒரு ஸ்பூன் உருளைக்கிழங்கு வறுவல். "சிறுதானியம்தானே மேடம், எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யாது என்றார்களே" என்றார். அந்த டப்பாவை நான் இன்னும் மறக்கவில்லை.

சாமையும் தானியம்தான். 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 78 கிராம் என்றால், சாமையில் 65 கிராம். கலோரி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 350-ஐ ஒட்டி. சாமையின் நன்மை அதன் தவிட்டில் இருக்கிறது. நார்ச்சத்து அங்கேதான். மெஷினில் நன்றாகத் தீட்டி, பளீரென்று வெளுத்து பாக்கெட்டில் வரும் சாமையில் அந்தத் தவிடு போய்விடுகிறது. ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். தீட்டாத சாமை மங்கலாக, லேசாகச் சாம்பல் அல்லது பழுப்பு கலந்த நிறத்தில் இருக்கும். கழுவினால் தண்ணீர் கலங்கும். சீக்கிரம் வண்டு வைக்கும், சீக்கிரம் சிக்கு வாடையும் வரும். அதனால் அதை ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். ஆறு மாதம் வைத்தும் ஒன்றும் ஆகாத சாமையில் தவிடு மிச்சம் இருக்கிறதா என்று சந்தேகப்படலாம்.

அடுத்தது கூழ். கேழ்வரகை மாவாக அரைத்து, தண்ணீரில் கரைத்து, கொதிக்க வைத்துக் குடித்தால் மெல்லுகிற வேலையே இல்லை. சர்க்கரை வேகமாக ஏறும். காலையிலிருந்து களத்தில் நின்றவருக்குக் கூழ் சரி. ராத்திரி எட்டு மணிக்குக் குடித்துவிட்டுப் படுப்பவருக்கு அது சரிவராது. கேழ்வரகு வேண்டுமென்றால் முருங்கைக்கீரை, வெங்காயம் போட்டு அடையாகத் தட்டிக் கொடுங்கள். இரண்டு அடை, ஒரு கிண்ணம் பாசிப்பயறு, அவ்வளவுதான்.

மதியத்துக்கு வேகவைக்காத சாமை 50 கிராம் எடுங்கள். தட்டில் பாதி காய், கீரை இருக்கட்டும். கெட்டியான பருப்போ கொள்ளோ ஒரு கிண்ணம், அல்லது மீன். நாலு வாரம் கழித்துச் சர்க்கரையைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம். உணவு அளவு குறையும்போது மாத்திரை அதே அளவில் இருந்தால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடவும் கூடும். அதனால் மாற்றத்தைத் தொடங்கும்போதே மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒரு நாள் ராத்திரி ஊறிய பழைய சோற்றில் இரும்புச்சத்து 3.4 மில்லிகிராமிலிருந்து 73.91 மில்லிகிராமாகக் கூடுகிறது என்று வாட்ஸ்ஆப்பில் வந்தது. எனக்கு ரத்தசோகை. பழைய சோறு சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா? (சிவகாசி வாசகி, வயது 29)

நிறுத்தக் கூடாது. இந்தச் செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது. இரும்பு ஒரு தனிமம். சோற்றில் இல்லாத இரும்பை நொதித்தல் எப்படி உண்டாக்கும்? வெள்ளைப் பச்சரிசியில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. நொதிக்கும்போது நடப்பது வேறு. தானியத்தில் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட் என்ற பொருள் ஓரளவு சிதைகிறது, இருக்கிற கொஞ்சம் இரும்பை உடல் எளிதாக எடுத்துக்கொள்கிறது. அது நல்ல விஷயம்தான். ஆனால் உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்கிறது. நீராகாரம் அதைத் தராது. மாத்திரையைத் தொடருங்கள். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி வேண்டாம்.

பழைய சோற்றையும் விடாதீர்கள். நன்மை செய்யும் நுண்ணுயிர்களும், வெயில் காலத்தில் உடம்புக்கு வேண்டிய நீரும் உப்பும் அதில் கிடைக்கின்றன. செய்முறையில் மட்டும் கவனம். சோறு ஆறியதும் முழுதாக மூழ்கும்படி தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். தண்ணீர் இல்லாமல் இரவெல்லாம் அடுப்பங்கரையில் கிடந்த உலர் சோறு வேறு சங்கதி. அதில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி வளரும், திரும்பச் சூடு செய்தாலும் அது விட்டுச்சென்ற நஞ்சு போகாது. எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஊறினால் போதும், சித்திரை வெயிலில் அதற்கும் குறைவு. மோர் போன்ற புளிப்பு வாசம் வர வேண்டும். நூல் மாதிரி இழுத்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். முதல் நாளே ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்த சோறு குளிர்ந்த சோறுதான், பழைய சோறு இல்லை. அந்தக் குளிரில் நொதித்தல் நடக்காது.

கேள்வி: நானும் கணவரும் ஐடி வேலை. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டுக்குத்தான் வீடு. ஊறவைத்து, அரைத்து, இடித்து என்றெல்லாம் எங்களால் முடியாது. சிறுதானிய நூடுல்ஸ், சிறுதானிய பிஸ்கட் வாங்கினால் பரவாயில்லையா? (சோழிங்கநல்லூர் வாசகி)

பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. முதல் பெயர் கோதுமை மாவோ மைதாவோ என்றால், அது சிறுதானியப் படம் போட்ட மைதா.

உங்களுக்கு நேரம் இல்லை என்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. நம் பாட்டிமார் இடித்ததும் புடைத்ததும் ஒரு நாள் முழுவதும் ஆன வேலை, அதை ஒரே ஒரு பெண் தலையில் கட்டியிருந்தோம். அதைத் திரும்பக் கொண்டுவர நான் சொல்ல மாட்டேன். வீட்டில் இருவர் இருக்கிறீர்கள், இருவரும் செய்யுங்கள்.

தானியத்தை மாற்றுவதிலிருந்து தொடங்காதீர்கள். அரிசி அரிசியாகவே இருக்கட்டும், பயறிலிருந்து தொடங்குங்கள். சனிக்கிழமை ராத்திரி தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு மூன்றையும் தனித்தனியாக ஊறவையுங்கள். ஞாயிறு காலை குக்கரில் வேகவைத்து, சிறு டப்பாக்களில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வேலை நாளில் ஒரு டப்பாவை எடுத்தால் சுண்டலும் ஆகும், குழம்பிலும் போடலாம், கொள்ளென்றால் ரசமும் ஆகும். கீரையை ஆய்ந்து, ஈரம் போகத் துடைத்து, துணியில் சுற்றி வைத்தால் மூன்று நாள் தாங்கும். மாவு கடையில் வாங்கினாலும் பரவாயில்லை. வாங்கிய மாவு இட்லிக்கு ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பார் தொட்டுக்கொண்டால், அது நூடுல்ஸைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: மரச்செக்கு நல்லெண்ணெய், கடலெண்ணெய் என்று தெருவுக்குத் தெரு கடை வந்துவிட்டது. விலை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. எதை நம்புவது? (ஈரோடு வாசகர்)

ஒரு கணக்குச் சொல்கிறேன். செக்கில் ஒரு லிட்டர் கடலெண்ணெய் எடுக்கச் சுமார் இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். எள்ளும் ஏறக்குறைய அப்படித்தான், கூடவே எண்ணெய் பிரிந்து வர கருப்பட்டியும் போடுவார்கள். இன்றைய பருப்பு விலையை இரண்டரையால் பெருக்குங்கள். புண்ணாக்கு விற்றுக் கொஞ்சம் திரும்பும், ஆட்டுக்கூலி கொஞ்சம் கூடும். இந்தக் கணக்குக்கு ரொம்பக் கீழே விற்றால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

ஆனால் விலையைவிட எனக்குக் கவலை பருப்பின் தரம். பூசணம் பிடித்த நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது, அது கல்லீரலைக் கெடுக்கும். ரீஃபைண்ட் எண்ணெயில் சுத்திகரிப்பின்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கெண்ணெயில் நீங்க வழியில்லை. அதனால் செக்கில் போடப்போகும் பருப்பைக் கண்ணால் பாருங்கள். சுருங்கியது, கறுத்தது, சொத்தை கலந்திருந்தால் அந்தக் கடை வேண்டாம். முடிந்தால் நீங்களே பருப்பு வாங்கிப் பொறுக்கி, ஆட்டக் கொடுங்கள். ஈரோட்டில் இருக்கும் உங்களுக்கு அது கஷ்டமே இல்லை.

செக்கெண்ணெய் என்பதற்காக அளவைக் கூட்டாதீர்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலில், 2000 கலோரி சாப்பிடுபவருக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்தே நாளைக்கு 27 கிராம்தான்.

கேள்வி: பேரனுக்கு ஒன்பது மாதம். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் தேன், நாட்டுச்சர்க்கரை கொடுக்கலாமா அம்மா? (நத்தம் பாட்டி)

ஒரு வயது வரைக்கும் தேன் வேண்டவே வேண்டாம் அம்மா, நாக்கில் தடவக்கூட வேண்டாம். சிசுவின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் ஒரு கிருமியின் வித்து தேனில் இருக்கலாம். பிறந்த குழந்தையின் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கும் 'சேனை' வழக்கத்தையும் இதனால்தான் விடச் சொல்கிறோம். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எல்லாம் பெரும்பகுதி சர்க்கரையேதான், இரண்டு வயது வரை எதுவும் தேவையில்லை. நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தை மசித்துக் கொடுங்கள், இனிப்புக்கு அதுவே போதும்.

கேள்வி: எனக்குத் தைராய்டு குறைபாடு. இயற்கை உணவுக்கு மாறி ஒரு வருடம் ஆகிறது. தினமும் கம்பங்கூழ், சமையலுக்கு இந்துப்பு. இது சரிதானா? (கோவில்பட்டி வாசகி)

இரண்டும் சேர்வதுதான் பிரச்சினை. கம்பில் தைராய்டு சுரப்பைத் தடுக்கும் சில பொருள்கள் உண்டு. அயோடின் போதுமான அளவு கிடைப்பவருக்கு, அளவாகச் சாப்பிட்டால் அது பெரிய தொந்தரவு செய்யாது. இந்துப்பில் சொல்லிக்கொள்ளும்படி அயோடின் கிடையாது. ஒருபுறம் தினமும் கம்பு, மறுபுறம் அயோடின் இல்லாத உப்பு என்றால் தைராய்டுக்கு இரண்டு பக்கமும் இடி. உப்பை மாற்றுங்கள். கல் உப்புதான் பிடிக்கும் என்றால் அயோடின் சேர்த்த கல் உப்பே கிடைக்கிறது. கம்பு வாரத்துக்கு ஒரு நாள் போதும். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள்.

கேள்வி: நம் முன்னோர் சாப்பிட்டதை அப்படியே சாப்பிட்டால் ஒரு நோயும் வராது என்கிறார்கள். நீங்கள் ஏன் இத்தனை திருத்தம் சொல்கிறீர்கள்? (திருவாரூர் வாசகர்)

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நெல் ஜெயராமன் ஊர் ஊராகத் தேடி, 170-ஐ ஒட்டிய பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டது உங்கள் மாவட்டத்தில்தான். எங்கள் வீட்டிலும் தூயமல்லியும் மாப்பிள்ளைச் சம்பாவும் வேகின்றன. ஆனால் முன்னோர் என்றால் எந்த முன்னோர்?

குன்னூரில் 1918-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். அந்தச் சின்ன ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. பெரிபெரி, வைட்டமின் பி1 குறைவால் வரும் நோய். ஆந்திரக் கடற்கரையில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டவர்களிடம் அது நிறைய இருந்தது, புழுங்கலரிசி சாப்பிட்ட பகுதிகளில் குறைவு. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடும். அப்புறம் தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கும். நெல் அவித்த நம் பெண்களின் கைப்பக்குவம் எத்தனை உயிரைக் காத்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அதே மெக்காரிசன் இன்னொன்றும் செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிட்ட உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் என்றிருந்த சீக்கியர் உணவில் வளர்ந்தவை முதலிடம். கடைசி இடம் சென்னை மாகாண உணவுக்கு. தட்டு நிறைய அரிசி, பெயருக்குக் கொஞ்சம் பருப்பும் காயும், பாலும் மிகக் குறைவு. அது நம் ஏழை எளியவர்களின் அன்றாடச் சாப்பாடு. அதுவும் நம் பாரம்பரியம்தான். சாதமும் புளித்தண்ணீரும் மட்டும் சாப்பிட்டு வாழ்ந்தவர்கள் விரும்பியா அப்படிச் சாப்பிட்டார்கள்?

அதனால்தான் திருத்தம் சொல்கிறேன். ஆற்றிலிருந்து அயிரை மீன் வந்த வீடு, கொல்லையில் முருங்கையும் அகத்தியும் நின்ற வீடு, மாடு கட்டியிருந்த வீடு, அந்த வீடுகளின் தட்டை எடுத்துக்கொள்வோம். கருப்புக் கவுனியைக் கிலோ என்ன விலை சொன்னாலும் வாங்குகிறவர்கள், மலிவாகக் கிடைக்கும் கொள்ளையும் மத்தி மீனையும் தாண்டிப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

கேள்வி: நாலு வயது மகள் கேழ்வரகு என்றாலே ஓடுகிறாள். (மேட்டுப்பாளையம் அப்பா)

களியிலிருந்து தொடங்கியிருப்பீர்கள். குழந்தைக்கு அது தொண்டையில் ஒட்டும். தோசை மாவு நாலு கரண்டிக்கு ஒரு கரண்டி கேழ்வரகு மாவு கரைத்து, ஒரு மணி நேரம் வைத்து, மெல்லிசாக, முறுகலாக ஊற்றுங்கள். பொடி வெங்காயம் தூவி, ஓரத்தில் ஒரு சொட்டு நெய் விடுங்கள். பெயரைச் சொல்ல வேண்டாம். நீங்களும் அதையே அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஒரு மாதம் கழித்துக் கேழ்வரகு மாவை இரண்டு கரண்டியாக்கலாம்.