கேள்வி பதில்: ஆங்கிலோ-சாக்சன்கள் வந்தது கூட்டமாவா, கொஞ்ச பேரா?

கேள்வி: சார், 5ஆம் நூற்றாண்டுல ரோமானியர்கள் போனப்புறம் வடக்கு ஜெர்மனி, டென்மார்க் பக்கத்து ஆங்கிலோ-சாக்சன்கள் கடல் தாண்டி பிரிட்டனுக்கு வந்து அங்க இருந்தவங்களை துரத்திட்டாங்கன்னு ஒரு புக்ல படிச்சேன். இன்னொன்னுல, கொஞ்ச பேர்தான் வந்தாங்க, மத்தவங்க அவங்க பாஷையை பழகிக்கிட்டாங்கன்னு இருக்கு. டிஎன்ஏ என்ன சொல்லுது?

பதில்: முதல்ல உயிரோட இருக்கறவங்க டிஎன்ஏவைத்தான் பாத்தாங்க. 2002ல இங்கிலாந்து கிழக்குல இருந்து வடக்கு வேல்ஸ் வரைக்கும் ஏழு ஊர் ஆண்களோட ஒய் குரோமோசோமை எடுத்து பாத்தப்ப, இங்கிலாந்து ஊர்க்காரங்க பக்கத்துல இருக்கிற வேல்ஸ்காரங்களை விட கடலுக்கு அந்தப்பக்கம் நெதர்லாந்து ஃப்ரீஸ்லாந்து ஆளுங்களோட ஒத்துப்போனாங்க. ஆனா ஒய் அப்பா வழி மட்டும்தான். 2015ல, தாத்தா பாட்டி நாலு பேரும் பக்கம் பக்கமா பொறந்த கிராமத்து ஆளுங்க ரெண்டாயிரம் பேருக்கு மேல எடுத்து ஒய் மட்டும் இல்லாம டிஎன்ஏ முழுக்க பல இடங்களை அலசுனப்ப, நடு இங்கிலாந்து, தெற்கு இங்கிலாந்துல சாக்சன் பங்கு 10ல இருந்து 40 சதவீதம்னு வந்துச்சு.

இதுல பெரிய சிக்கல் என்னன்னா டேனிஷ் வைக்கிங்குகளும் (டென்மார்க் கடலோடிகள்) கிட்டத்தட்ட அதே பக்கத்துல இருந்து பின்னாடி வந்தவங்க, இன்னைக்கு இருக்கிற ஒருத்தரோட ரத்தத்துல எது 5ஆம் நூற்றாண்டுல வந்தது எது 9ஆம் நூற்றாண்டுல வந்ததுன்னு பிரிக்கறது ரொம்ப கஷ்டம். அதனாலதான் புதைகுழிக்கே போனாங்க. காதுக்கு உள்பக்கம் இருக்கிற கெட்டி எலும்புல டிஎன்ஏ நல்லா தங்கும், அதை துளைச்சு எடுப்பாங்க.

2022ல வந்ததுதான் பெரிய ஆய்வு. 460 பேரோட மிச்சங்கள், அதுல 278 இங்கிலாந்துல கிடைச்சது. கிழக்கு இங்கிலாந்துல அந்த காலத்து ஆளுங்களுக்கு 76 சதவீதம் வரைக்கும் வடக்கு ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் பக்கத்து வம்சாவளி. இதுக்கப்புறம் கொஞ்ச பேர்தான் வந்தாங்கன்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். பொண்ணுங்களும் வந்திருக்காங்க, அதனால வெறும் போர்வீரர் கூட்டம்னும் சொல்ல முடியாது, குடும்பம் குடும்பமா வந்து குடியேறுன கதை இது.

கேள்வி: இப்ப விக்கிற டிஎன்ஏ கிட்ல இந்த சாக்சன் சதவீதம் தெரியுமா?

பதில்: பொதுவா அந்த மாதிரி ரிசல்ட் உங்களை இன்னைக்கு வாழறவங்களோட ஒப்பிட்டு சொல்றது, மேல சொன்ன சிக்கல் அப்படியே இருக்கு. அதை நம்பி நான் சாக்சன் வம்சம்னு சொல்லிக்காதீங்க.

கேள்வி: அவ்வளவு பேர் வந்தாங்கன்னா அப்ப பழைய மக்களை அழிச்சிட்டாங்கன்னுதானே அர்த்தம்? கில்டாஸ்னு ஒரு துறவி 6ஆம் நூற்றாண்டுலயே அப்படி எழுதியிருக்காராமே.

பதில்: எழுதியிருக்கார், 731ல பீட்ங்கற இன்னொரு துறவி எழுதுனதுலயும் அது வருது. சண்டையே நடக்கலன்னு நான் சொல்லல. ஆனா கேம்பிரிட்ஜ் பக்கத்துல ஓக்கிங்டன்னு ஒரு ஊர், அங்க ஒரு ஆங்கிலோ-சாக்சன் இடுகாடு. அதுல நாலு பேரோட டிஎன்ஏ 2016ல வெளியாச்சு. எல்லாரும் ஒரே இடத்துல அடக்கம் பண்ணப்பட்டவங்க, ஆனா நாலு பேர்ல ஒருத்தர் உள்ளூர் பிரிட்டன் வம்சம், ரெண்டு பேர் கடல் தாண்டி வந்த வம்சம், ஒருத்தர் ரெண்டும் கலந்தவர். இதுல பெரிய சிலுவை வடிவ ப்ரோச்சோட (துணியில குத்திக்கிற நகை), ரொம்ப வசதியா புதைக்கப்பட்டது யார் தெரியுமா, உள்ளூர் வம்சத்துக்காரங்க. ஒண்ணுமே வைக்காம புதைச்சது வெளிவம்சத்துல ஒருத்தரை. எனக்கு எந்த சதவீதத்தை விடவும் இந்த ப்ரோச்தான் முக்கியம். ஏன்னா பழைய மக்கள் அழிஞ்சு போயிருந்தா அந்த நகையை யார் போட்டுக்கிட்டாங்க? அதை சாக்சன் நகைன்னு நாம சொல்றோம், போட்டிருந்தவங்க உடம்புல ஓடுனது பழைய பிரிட்டன் ரத்தம்.

இன்னொன்னு, கென்ட்ல ஈஸ்ட்ரிக்கு பக்கத்துல அப்டவுன்ங்கற இடத்துல 7ஆம் நூற்றாண்டு சிறுமி ஒருத்தி, பத்து பன்னெண்டு வயசுதான் இருக்கும். அவளோட வம்சாவளியில மூணுல ஒரு பங்கு மேற்கு ஆப்பிரிக்கா! சாக்சன்னா இப்படித்தான்னு மனசுல ஒரு படம் வச்சிருக்கவங்க இவளை எங்க சேப்பாங்க? அவ ஊர்க்காரங்க சேத்துட்டாங்க, பானை ஒண்ணு வச்சு, சொந்தக்காரங்க இருக்கிற அதே இடுகாட்டுல மத்தவங்களை மாதிரியே அடக்கம் பண்ணியிருக்காங்க.