பக்கம் தள்ளிப்போகிறது என்பதற்காக எம்எஸ் ஆபிஸ் வாங்க வேண்டுமா?

இந்த ஒரு காரணத்துக்காக வாங்க வேண்டாம், இப்போதைக்கு. வேர்டில் செய்த அறிக்கையை லிப்ரே ஆபிஸில் (எம்எஸ் ஆபிஸுக்கு மாற்றான இலவச மென்பொருள்) திறந்தால் பக்கம் கூடுகிறது, அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் இது எழுத்துருத் தகராறுதான்.

2007 முதல் பல ஆண்டுகள் வேர்டின் இயல்பு எழுத்துரு காலிப்ரி. புதிய பதிப்புகளில் ஆப்டோஸ். கோப்பில் உள்ள எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் லிப்ரே ஆபிஸ் வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். ஒவ்வொரு எழுத்தும் துளி அகலமானால் போதும், வரிகள் உடைந்து பக்கம் நீளும்.

1. தள்ளிப்போகும் பத்தியில் கர்சரை வைத்து, மேலே எழுத்துருப் பெயரைப் பாருங்கள். சாய்வெழுத்தில் தெரிந்தால் அந்த எழுத்துரு உங்களிடம் இல்லை.

2. காலிப்ரி என்றால் கார்லிட்டோ, கேம்ப்ரியா என்றால் கலடியா நிறுவுங்கள். இரண்டும் இலவசம், அதே எழுத்து அகலம். (லினக்ஸில் இவை சில சமயம் தனித் தொகுப்பாக இருக்கும்.) ஆப்டோஸ் என்றால், அனுப்பியவரிடமே எழுத்துருவை மாற்றித் தரச் சொல்வது சுலபம்.

3. அப்புறமும் சந்தேகமா? வேர்டின் இலவச இணையப் பதிப்பில் அதே கோப்பைத் திறந்து ஒப்பிடுங்கள்.

படிக்க மட்டும் அனுப்புவதென்றால் பிடிஎஃப் போதும், இந்தத் தலைவலியே இல்லை.

ஆனால் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) நிறைந்த எக்செல் கோப்புகளோ, பலர் மாறி மாறித் திருத்தும் வேர்டு கோப்புகளோ தினமும் வருகிறதென்றால் கதை வேறு. மேக்ரோக்களில் சில லிப்ரே ஆபிஸில் ஓடும், சில ஓடாது. அந்த வேலைக்குக் காசு கொடுப்பதே சரி.