ஸ்மார்ட் பிளக் விளக்குகள்: வாசகர் கேள்வி

கேள்வி: வைஃபை மூலம் இயக்கும் ஸ்மார்ட் பிளக்கில், கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாக டாஸ்மோட்டா என்ற இலவச மென்பொருளைப் போட்டிருக்கிறேன். பிளக் ஆஃப் ஆனால் சிவப்பு எரிகிறது, ஆன் செய்தால் அணைகிறது. நீல விளக்கோ இரவெல்லாம் மினுக்குகிறது. என்ன செய்வது? - வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். பல பிளக்குகளில் எல்இடியின் ஒரு முனை 3.3 வோல்ட்டிலும் மறுமுனை ஜிபிஐஓ பின்னிலும் (சிப் கட்டுப்படுத்தும் கால்) இருக்கும்; அந்தப் பின்னின் வோல்டேஜ் தாழ்ந்தால்தான் எரியும். அதனால் டாஸ்மோட்டாவில் அந்தப் பின்னை ‘லெட்’ என்று குறித்தால் தலைகீழாகவே காட்டும். எந்தப் பின் எதற்கு என்று குறிக்கும் கான்ஃபிகர் டெம்ப்ளேட் பக்கத்தில் சிவப்பின் பின்னை ‘லெட்_ஐ’ (தலைகீழ் எல்இடி) என்றும், நீலத்தின் பின்னை ‘லெட்லிங்க்_ஐ’ (தொடர்பைக் காட்டும் தலைகீழ் எல்இடி) என்றும் மாற்றிச் சேமியுங்கள். அதற்குமுன் பழைய டெம்ப்ளேட்டை நகலெடுத்து வையுங்கள். ரிலே (கரண்டை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) பின்னை மட்டும் தொடாதீர்கள். பிறகு கன்சோலில் (கட்டளை கொடுக்கும் பக்கம்) ‘லெட்ஸ்டேட் 1’ கொடுத்தால் ரிலேயின் நிலையைச் சிவப்பு சரியாகக் காட்டும்.

நீலம் மினுக்குவது வைஃபையோ எம்க்யூடிடியோ (ஸ்மார்ட் கருவிகள் ஒரு சர்வர் வழியாகச் செய்தி பரிமாறும் முறை) கிடைக்கவில்லை என்பதற்கான அறிகுறி. எம்க்யூடிடி சர்வரே உங்களிடம் இல்லையென்றால் ‘செட்ஆப்ஷன்3 0’ போதும். அதைத் தேடுவதே நின்றுவிடும். மினுக்கலை மட்டும் நிறுத்த ‘செட்ஆப்ஷன்31 1’ உண்டு. ஆனால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) முடிந்து கரண்ட் வந்ததும் ரவுட்டர் எழுந்துவிட்டதா என்று அந்த நீலம்தான் சொல்லும்.

இன்னொன்று, கரண்ட் சில நொடி இடைவெளியில் ஏழு முறை விட்டுவிட்டு வந்தால் டாஸ்மோட்டா எல்லா அமைப்பையும் அழித்துவிடும். ‘செட்ஆப்ஷன்65 1’ கொடுத்து அதைத் தடுத்துவிடுங்கள்.

இவை எல்லாம் பிரவுசரிலேயே முடியும் வேலை. பிளக்கைத் திறந்தபடி சுவரில் செருகாதீர்கள். எல்இடியின் காலிலும் 230 வோல்ட் ஷாக் அடிக்கும்.