ஜப்பான் தொடக்கப் பள்ளிகளைப் பார்க்கப் போகும் ஆசிரியர்கள் எதைக் கவனிக்க வேண்டும், எப்படித் தயாராக வேண்டும்?

கேட்டவர் அரசுப் பள்ளி ஆசிரியர், பரிமாற்றத் திட்டத்தில் முதல்முறை போகிறவர் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

பிள்ளைகள் வகுப்பறையைப் பெருக்குவது, வெள்ளை மேலங்கி போட்டுச் சாப்பாடு பரிமாறுவது எல்லாம் யூடியூபிலேயே கிடைக்கிறது. நேரில் போனால்தான் கிடைப்பது ஒன்று: ஒரு பாடவேளையை அதன் திட்டத்தில் தொடங்கி, முடிந்தபின் ஆசிரியர்கள் கூடிப் பேசும் கூட்டம் வரை முழுதாகப் பார்ப்பது. இதை 'ஜுக்யோ கென்க்யூ' என்கிறார்கள், அதாவது பாட ஆய்வு. பயண நிரல் கைக்கு வந்ததுமே, பள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்து இதில் ஒன்றைச் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். ஒரே நாளில் மூன்று பள்ளி என்றால், தலைமையாசிரியர் அறையையும் பவர்பாயின்டையும் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

காலம் முக்கியம். அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஜூலை பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரை கோடை விடுமுறை. மே நடுப்பகுதி முதல் ஜூலை தொடக்கம் வரை, அல்லது அக்டோபர், நவம்பர் வசதி. செப்டம்பரில் புயல் எச்சரிக்கை வந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள். மாற்று நாள் ஒன்று கையில் இருக்கட்டும்.

ஆய்வுப் பாடத்துக்கு எழுத்தில் ஒரு திட்டம் இருக்கும். மொழிபெயர்த்து முந்தைய நாளே தரச் சொல்லுங்கள். அலகின் நோக்கம், இந்த வகுப்புப் பிள்ளைகளின் நிலை, அலகில் இது எத்தனையாவது பாடவேளை, பிறகு 45 நிமிடத்துக்கான அட்டவணை என்று போகும். அட்டவணையில் 'பிள்ளைகள் இப்படியெல்லாம் பதில் சொல்லலாம்' என்ற பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும். தவறான விடைகளும் அங்கே முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். நம் பாடக்குறிப்பில் பெரும்பாலும் விடுபடுவது அதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிப்பதை 13 − 9 என்ற கணக்கில் தொடங்குவது வழக்கம். ஏன் 13, ஏன் 9? ஒன்பது பத்துக்கு ஒட்டி இருப்பதால் பத்திலிருந்து 9 போக 1, மீதியிருந்த 3 சேர்த்தால் 4 என்ற வழி பிள்ளைக்குத் தானாகத் தோன்றும். இதையே 13 − 4 என்று கொடுத்தால், முதலில் 3 எடுத்து 10 ஆக்கி, பிறகு 1 எடுக்கும் வழிக்குப் பிள்ளை போய்விடும். இரண்டும் சரி. ஆனால் எந்த யோசனை முதலில் வெளிவர வேண்டும் என்பதை அந்த எண் தீர்மானிக்கிறது. பிந்தைய கூட்டத்தில் 'இந்த எண்ணை ஏன் எடுத்தீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள், அரைமணி நேரம் பேசுவார்கள். 'உங்கள் கல்விமுறையின் சிறப்பு என்ன?' என்று கேட்டால் மரியாதையாக இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள்.

வகுப்பில் பின்சுவரோடு ஒட்டி நிற்காதீர்கள்; முதுகுதான் தெரியும். அனுமதி கேட்டு முன்பக்கம், சன்னல் ஓரமாக நில்லுங்கள். இருக்கை வரைபடம் ஒன்று வாங்கி, ஒரு பிள்ளையை மட்டும் தேர்ந்து, எத்தனையாவது நிமிடத்தில் என்ன எழுதியது, எதை அழித்தது என்று குறியுங்கள். பிள்ளை தடுமாறினாலும் உதவக் கூடாது, பக்கத்தில் இருப்பவரோடு பேசவும் கூடாது. கரும்பலகையை நன்றாகப் பாருங்கள். இடப்பக்கம் அன்றைய நோக்கம், பிறகு கணக்கு, பிள்ளைகளின் வெவ்வேறு வழிகள், வலக்கோடியில் முடிவு. நடுவில் எதையும் அழிக்காமல் முழுப் பாடமும் ஒரே பலகையில் நிற்கும்படி திட்டமிடுவார்கள். மொழிப்பாடத்தில் எழுத்து மேலிருந்து கீழாகப் போவதால் பலகை வலமிருந்து தொடங்கும். மணி அடித்ததும் பலகையை ஒரு படம் எடுத்தால் பாதிக் குறிப்பு முடிந்தது.

பெரும்பாலும் கெட்டுப்போவது மொழிபெயர்ப்பில்தான். பதினைந்து பேருக்கு ஒரே மொழிபெயர்ப்பாளர் என்றால் வகுப்பில் கிசுகிசுப்பு எழும். பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள், பாடம் நின்றுவிடும். ஐந்தைந்து பேராகப் பிரியுங்கள். திட்டத்தை முன்பே படித்திருந்தால் வகுப்புக்குள் மொழிபெயர்ப்பே வேண்டாம். மொழிபெயர்ப்பாளரைப் பிந்தைய கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாடம் நடத்தியவர் முதலில் பேசுவார், பிறகு மற்றவர்கள், இறுதியில் வெளியிலிருந்து வந்த ஆலோசகர். விருந்தினர் முந்திக்கொண்டு பேசுவது நன்றாக இருக்காது.

உங்களையும் ஒரு பாடம் நடத்தச் சொல்லலாம். மொழிபெயர்ப்புக்கே பாதி நேரம் போகும் என்பதால் 20 நிமிடப் பேச்சுக்கு மேல் வேண்டாம். புள்ளிக் கோலம் நன்றாகப் பொருந்தும், ஏனெனில் சமச்சீர் அங்கே ஆறாம் வகுப்புப் பாடம். 5 × 5 புள்ளி அச்சிட்ட தாள் ஆளுக்கு இரண்டு, பாதி வரைந்த கோலம் ஒன்று; மீதியை அவர்களே முடிக்கட்டும். கோலமாவு கொண்டுபோய் வகுப்பறைத் தரையில் கொட்டிவிடாதீர்கள், கூட்டுவதும் அந்தப் பிள்ளைகள்தான்.

மதிய உணவை வகுப்பிலேயே உண்பார்கள். பிள்ளைகளுக்கு முன்னதாகத் தலைமையாசிரியர் போன்ற ஒருவர் உண்டு பார்ப்பார். ஒவ்வொரு உணவிலும் 50 கிராம் மாதிரி −20 டிகிரியில் இரண்டு வாரம் உறைய வைக்கப்படும். நேரம் இருந்தால் சமையற்கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். சைவம் உண்பவர்கள் கவனிக்க: காய்கறி சூப்பிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். மாத உணவுப் பட்டியலை முன்பே வாங்குங்கள். சொந்தச் சாப்பாடு கொண்டுவர அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுக்க வேண்டாம், ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள்.

வெளிச்செருப்பு வாசலோடு சரி. உள்ளே போட ஒரு ஜோடியும், கழற்றியதை வைக்க ஒரு பையும் எடுத்துப் போங்கள். ஓட்டையில்லாத காலுறை முக்கியம்.

ஒழுங்கைப் பார்த்து மயங்கும் முன் இதையும் கேளுங்கள்: பல நாட்டு ஆசிரியர்களிடம் ஓஇசிடி அமைப்பு நடத்தும் டாலிஸ் ஆய்வில், 2018-இல் ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியரின் வார வேலை 56 மணி நேரம், பங்கேற்ற நாடுகளின் சராசரி சுமார் 38. மாலை ஆறு மணிக்கு ஆசிரியர் அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் புரியும்.

படங்களில் பிள்ளைகளின் முகமும் பெயர் அட்டையும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்து அனுமதி இல்லாமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்கூடப் போடக் கூடாது. கடவுச்சீட்டுக்கான தடையின்மைச் சான்றும் வெளிநாடு செல்லத் துறை அனுமதியும் மேலே போய்வர நாளாகும். அழைப்புக் கடிதம் வந்த அன்றே தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்துவிடுங்கள்.