வீட்டு டயாலிசிஸ்: நேரத்தையும் நாளையும் மாற்றிக்கொள்ளலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 51. சிறுநீரகங்கள் செயலிழந்து 8 மாதமாக வீட்டிலேயே ஹீமோடயாலிசிஸ் செய்கிறோம். திங்கள், புதன், வெள்ளி, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்தது) இருக்கிறது. ஊசி போடுவது நான்தான். டிரை வெயிட் (கூடுதல் தண்ணீர் இல்லாத எடை) 58 கிலோ. திங்கட்கிழமை மட்டும் 61.6 வரை ஏறிவிடுகிறது, மூச்சு வாங்குகிறது, பிரஷர் 170-ஐத் தாண்டுகிறது. கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்காலில் குரக்களி பிடிக்கிறது. முடிந்ததும் அன்றைக்கு முழுக்கப் படுக்கைதான். பாஸ்பரஸ் 6.8. இப்போது மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கிறார். வேலை நாட்களில் 3 மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளலாமா? இல்லை, ராத்திரி தூங்கும்போது செய்யலாமா? தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதுதான் நல்லது என்கிறார்களே, உண்மையா? எனக்கும் சரியான தூக்கம் இல்லை டாக்டர். (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். 3 மணி நேரமாகக் குறைக்க வேண்டாம். மற்ற இரண்டுக்கும் வழி இருக்கிறது.

வாரம் 3 நாள், 4 மணி நேரம் என்பதில் மருத்துவக் கணக்கும் உண்டு, டயாலிசிஸ் மையங்களின் படுக்கை எண்ணிக்கையும் ஷிஃப்ட்டும் உண்டு. மெஷின் வீட்டுக்கு வந்த பிறகும் மையத்தின் அட்டவணையையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் ஓய்வில்லாமல் வேலை செய்கிறது. உங்கள் வீட்டு மெஷின் 12 மணி நேரம் ஓடுகிறது. அந்த 12-ஐக் கூட்டினாலும், நடுவில் விழும் இடைவெளியைக் குறைத்தாலும் உடம்புக்கு லாபம்தான். 12-ஐ 9 ஆக்கினால் என்ன ஆகும் என்பதை உங்கள் கணவரின் எண்களை வைத்தே பார்த்துவிடலாம்.

திங்கட்கிழமை அவர் உடம்பில் கூடுதலாக இருப்பது 3.6 லிட்டர். 4 மணி நேரத்தில் எடுத்தால் மணிக்கு 900 மில்லி. அதை 58 கிலோவால் வகுத்தால், ஒரு கிலோவுக்கு மணிக்கு 15.5 மில்லி வருகிறது. இந்த எண் 13-ஐத் தாண்டும் நோயாளிகளிடம் இதயப் பாதிப்பும் மரணமும் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 12.9 வந்தால் பாதுகாப்பு, 13.1 வந்தால் ஆபத்து என்று அர்த்தமில்லை. குறைய குறைய நல்லது, அவ்வளவுதான். அவருக்கு 13-க்குள் நிற்க வேண்டுமானால் அந்த 3.6 லிட்டருக்குக் கிட்டத்தட்ட 4 மணி 50 நிமிடம் ஆகும். அதுவும் கடைசியில் ரத்தத்தைத் திருப்பிவிடும்போது உள்ளே போகும் சலைன், நடுவில் அவர் குடிக்கும் தண்ணீர் இரண்டையும் சேர்க்காமல். 3 மணி நேரமாக்கினால் எண் 20-ஐத் தாண்டிவிடும்.

கூடுதல் தண்ணீரில் பெரும்பகுதி ரத்தத்துக்குள் இல்லை, திசுக்களில் தேங்கிக் கிடக்கிறது. மெஷினோ ரத்தத்திலிருந்து மட்டும்தான் உறிஞ்சும். திசுவிலிருந்து தண்ணீர் மெதுவாகக் கசிந்து ரத்தக்குழாய்க்குள் வந்து சேருவதற்குள் மெஷின் அவசரப்பட்டால் ரத்தத்தின் அளவு குறைந்து பிரஷர் இறங்கும், தசைக்குப் போதிய ரத்தம் போகாது. கடைசி மணி நேரத்தில் குரக்களி பிடிக்க முக்கியக் காரணம் பெரும்பாலும் இதுதான். இதயத் தசைக்கும் அதே பஞ்சம் வரும், ஆனால் அது காலைப் போலக் கத்திக் காட்டாது. முடிந்த பிறகு அன்று முழுக்கப் படுக்கை என்று எழுதியிருக்கிறீர்களே, என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். நான் எந்த டயாலிசிஸ் நோயாளியைப் பார்த்தாலும் லேப் ரிப்போர்ட்டைத் திறக்கும் முன்பே, 'முடிச்சு எத்தனை மணி நேரத்துல சாதாரணமா ஆகுறீங்க?' என்று கேட்டுவிடுவேன். 'மறுநாள் ஆகுது' என்று பதில் வந்தால் சிகிச்சை முறையில் எதையோ மாற்ற வேண்டியிருக்கிறது.

'கேடி/வி 1.4 வந்திருக்கே, அது போதாதா?' என்று சிலர் கேட்பார்கள். அது யூரியா எவ்வளவு வெளியேறியது என்று மட்டும் சொல்லும் எண். தண்ணீரை எவ்வளவு வேகத்தில் எடுத்தோம், பாஸ்பரஸ் போனதா என்பதெல்லாம் அதில் தெரியாது.

அடுத்தது, திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை முடித்தால் சனி, ஞாயிறு இரண்டு முழு நாள் சும்மா போகிறது. வாரத்திலேயே ஆபத்தான பகுதி அந்த நீண்ட இடைவெளியின் முடிவுதான். வாரம் 3 முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் 32,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க நோயாளிகளின் விவரங்களை வைத்து 2011-இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் மரணங்களும் மாரடைப்பு முதலான பாதிப்புகளும் கூடுதலாக இருந்தன. மையத்தில் செய்பவருக்கு இதைத் தவிர்ப்பது கஷ்டம். உங்கள் வீட்டு மெஷினுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மாற்றினால் அந்த இடைவெளி அடியோடு போய்விடும். இரண்டு வாரத்தில் 6 முறைக்குப் பதில் 7 முறை, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே தொல்லை, கிழமை நிலையாக இருக்காது. ஒரு வாரம் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு வரும், அடுத்த வாரம் செவ்வாய், வியாழன், சனி வரும். இது ஒத்துவராதவர்கள் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு என்று வாரம் 4 நாளாக வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் சரிதான்.

தினமும் செய்வது நல்லதா? வாரம் 5 அல்லது 6 நாள், இரண்டு முதல் மூன்று மணி நேரம் என்று ஒரு முறை இருப்பது உண்மை. மையத்திலேயே வைத்து வாரம் 6 முறை செய்துபார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. வாரம் 3 முறை செய்தவர்களோடு ஒப்பிட்டால், தடித்துப்போன இதயத் தசை குறைந்தது, பிரஷர் இறங்கியது, பாஸ்பரஸும் இறங்கியது. ஆனால் ஊசி போடும் ரத்தக்குழாயில் பழுது பார்க்க வேண்டிய அவசியம் அதிகமாக வந்தது. உங்கள் வீட்டுக் கணக்கில், வாரம் 6 ஊசிக் குத்தல் 12 ஆகும். மெஷினைத் தயார் செய்வது, கழற்றுவது, சுத்தம் செய்வது எல்லாம் இரட்டிப்பாகும். இதயம் பலவீனமானவருக்கு, எவ்வளவு மெதுவாக எடுத்தாலும் பிரஷர் விழுகிறவருக்கு இந்தப் பாடு தகும். தூக்கமில்லாமல் ஊசி போட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதை முதல் வழியாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இரவு டயாலிசிஸ் அப்படியில்லை. தூங்கும்போது 6 முதல் 8 மணி நேரம் மெதுவாக ஓடும். அதே 3.6 லிட்டரை 8 மணி நேரத்தில் எடுத்தால் கிலோவுக்கு மணிக்கு 8 மில்லிகூட வராது. அதிகமாக இருக்கும் பாஸ்பரஸுக்கும் இதுதான் சரியான வழி. அது செல்களுக்குள்ளும் எலும்பிலும் இருந்து மெல்ல மெல்லத்தான் ரத்தத்துக்கு வரும், வேகமாகச் சுத்திகரித்துப் பயனில்லை, மணிக்கணக்கில் ஓட வேண்டும். வாரத்தில் பல இரவுகள் செய்பவர்களில் சிலருக்குப் பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரையே தேவைப்படாமல் போகிறது. சிலருக்கு அளவுக்கு மீறி இறங்கி, டயாலிசேட்டில் (ரத்தத்தைச் சுத்திகரிக்க மெஷினில் ஓடும் திரவத்தில்) பாஸ்பேட் சேர்க்க வேண்டிவருவதும் உண்டு. பிரான்சின் தாசேன் மையத்தில் வாரம் 3 முறை 8 மணி நேரம் என்று பல வருடம் செய்ததில், பெரும்பாலோருக்குப் பிரஷர் மாத்திரை இல்லாமலே பிரஷர் கட்டுக்குள் நின்றது.

இதில் இரண்டு எச்சரிக்கை. அவருக்கு இன்னும் சிறுநீர் போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அடிக்கடி இரவு டயாலிசிஸ் செய்தவர்களில் மிச்சமிருந்த சிறுநீர் சீக்கிரமே வற்றிப்போனதை 2013-இல் வந்த ஆய்வு காட்டியது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் போனாலும் அது பெரிய சொத்து. 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அளந்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாவது, ஊசி நழுவுவது. மெஷின் நிமிடத்துக்கு 250 மில்லி ரத்தத்தை ஓட்டுகிறது என்றால், திருப்பி அனுப்பும் ஊசி வெளியே வந்துவிட்டால் அதே வேகத்தில் ரத்தம் படுக்கையில் கொட்டும். சில நிமிடத்தில் உயிருக்கு ஆபத்து. மெஷினின் பிரஷர் அலாரம் இதைக் கட்டாயம் கண்டுபிடிக்கும் என்று நம்பக் கூடாது, அது சத்தமே போடாத சந்தர்ப்பங்கள் உண்டு. அதனால் ஊசி போட்ட இடத்தில் ஈரம் பட்டால் அலறும் சென்சார், மெஷினுக்கு அடியில் தரையில் ஒரு சென்சார், இவை இல்லாமல் இரவு டயாலிசிஸ் தொடங்கவே கூடாது. டேப்பை ஊசியின் இறக்கையைச் சுற்றிக் குறுக்காக ஒட்டி, டியூபைக் கையிலேயே ஒரு வளையமாக விட்டு இன்னொரு டேப் போடுங்கள். தூக்கத்தில் இழுத்தாலும் இழுவை வளையத்தோடு நின்றுவிடும். எவ்வளவு குளிராக இருந்தாலும் ஃபிஸ்டுலா கை போர்வைக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

சரி, உங்களுக்கு என்ன செய்யலாம்? உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் நான் கேட்கச் சொல்வது இதுதான். முதலில், ஒரு நாள் விட்டு ஒரு நாள், வேலை முடிந்து வந்த பிறகு மாலையில், முடிந்தால் 5 மணி நேரம். ஒரு மாதம் இப்படி ஓடட்டும். திங்கட்கிழமை மூச்சிரைப்பும் குரக்களியும் இதிலேயே நன்றாகக் குறையும் என்று எதிர்பார்க்கிறேன். அப்புறம் பாஸ்பரஸ் எங்கே நிற்கிறது, அவர் வேலைக்குப் போய்வர முடிகிறதா என்று பார்த்துவிட்டு, பயிற்சி எடுத்துக்கொண்டு இரவுக்கு மாறலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

நேரத்தை மாற்றினால் கூடவே மாற வேண்டியவை சில உண்டு. தண்ணீர் நன்றாக வெளியேற ஆரம்பித்ததும் இப்போது போடும் பிரஷர் மாத்திரையின் அளவு தேவைக்கு மிஞ்சியதாகிவிடும். டயாலிசிஸின் நடுவிலோ எழுந்து நிற்கும்போதோ கிறுகிறுத்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையின் அளவையோ அதைப் போடும் நேரத்தையோ மாற்றுவார். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பரின் அளவு 4 மணி நேரத்துக்குக் கணக்கிட்டது, அதையும் திருத்த வேண்டும். டயாலிசேட்டின் பொட்டாசியம், பைகார்பனேட் அளவுகளும் அப்படித்தான். பாஸ்பரஸ் மாத்திரையை ரத்தப் பரிசோதனை பார்க்காமல் நீங்களே நிறுத்த வேண்டாம். தண்ணீர்ச் செலவும் கூடும். நிமிடத்துக்கு 500 மில்லி டயாலிசேட் என்றால் 4 மணி நேரத்துக்கே 120 லிட்டர். ஆர்ஓ தண்ணீரில் குளோரின் பரிசோதனையை ஒரு முறைகூட விடாதீர்கள், அது தவறினால் ரத்த அணுக்கள் உடையும்.

டிரை வெயிட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் நன்றாக நடந்தால் பசி எடுக்கும், சதை பிடிக்கும். மூன்று மாதத்தில் அவருடைய உண்மையான எடை 60 ஆகியிருக்கலாம். நீங்கள் பழைய 58-க்கே இழுத்துக்கொண்டிருந்தால் மறுபடி குரக்களி, மயக்கம். நேர்மாறாக, காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து சதை கரைந்திருக்கும், 58-இல் நிற்கிறார் என்று நீங்கள் நினைக்கும்போது நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கும். எடை மெஷின் சதையையும் தண்ணீரையும் பிரித்துச் சொல்லாது. கால் வீக்கம், மட்ட மல்லாக்கப் படுத்தால் மூச்சு எப்படி இருக்கிறது, பிரஷர், இவற்றைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வேலை இருக்கிறது, பயணம் இருக்கிறது, சில நாள் மாறத்தான் செய்யும். ஒரு நாள் முன்னதாகவே செய்துவிடுங்கள், தப்பில்லை. நடுவில் இரண்டு முழு நாள் சும்மா போகக் கூடாது, வேகம் 13-ஐத் தாண்டக் கூடாது, இந்த இரண்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் அதிகமாக ஏறிவிட்டால் வேகத்தைக் கூட்டாதீர்கள், நேரத்தை நீட்டுங்கள் அல்லது மறுநாளும் ஒரு முறை போடுங்கள்.

இனி உங்கள் தூக்கம். 8 மாதமாக நீங்கள் ஒருவரே ஊசி போடுவது நீடிக்காது. அவர் 51 வயதுக்காரர், வேலைக்குப் போகிறார், ஒரு கை சும்மா இருக்கிறது. தன் கையில் தானே ஊசி போடப் பலர் கற்றுக்கொள்கிறார்கள். எங்கே வலிக்கும் என்று குத்துகிறவருக்கே தெரிவதால் பயம் குறைகிறது என்று அவர்களே சொல்வார்கள். மெஷினைத் தயார் செய்வதையும் அவர் பார்க்கட்டும். ஊசி போடுவது சுலபமாக இருக்குமே என்று ஒரே துளையில் திரும்பத் திரும்பப் போடும் பட்டன்ஹோல் முறைக்கு அவசரப்பட்டு மாற வேண்டாம், அதில் கிருமித் தொற்று அபாயம் அதிகம். உங்களுக்கு உடம்பு முடியாத வாரத்தில் மையத்தில் போய்ச் செய்துகொள்ள முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இரண்டு வாரக் குறிப்பு கொண்டுபோங்கள். முன் எடை, பின் எடை, எடுத்த தண்ணீர், எத்தனை மணி நேரம், முன்னும் பின்னும் பிரஷர், குரக்களி வந்த நேரம், எழுந்து நடமாட எவ்வளவு நேரம் ஆனது. பொத்தாம்பொதுவாக 'ரொம்ப அசதி' என்று சொன்னால் அவரும் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் சொல்வார்.

எந்த அட்டவணையில் இருந்தாலும் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், நெஞ்சு வலி, ஊசி எடுத்து அரை மணி நேரம் அழுத்தியும் நிற்காத ரத்தம், படுத்தால் மூச்சு முட்டுவது, கை கால் திடீரென்று துவளுவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை பொறுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஃபிஸ்டுலாவைத் தினமும் காலையிலும் இரவிலும் தொட்டுப் பாருங்கள். கிர்ரென்ற அதிர்வு இல்லையென்றால் ரத்தம் உறைந்திருக்கலாம். சில மணி நேரத்துக்குள் போனால் காப்பாற்ற வாய்ப்பு அதிகம், அதனால் நள்ளிரவானாலும் உடனே போன் செய்யுங்கள்.