மலையுச்சி வானொலி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெச்சூர் வானொலி (பொழுதுபோக்காகப் பிற நிலையங்களுடன் வானொலியில் பேசுவது) உரிமம் பெற்று ஓராண்டு ஆகிறது. சிலர் கருவியை முதுகில் சுமந்து மலையேறிப் பேசுகிறார்கள் என்று அறிந்தேன். வீட்டிலேயே நல்ல ஆன்டெனா இருக்கும்போது மலைக்குப் போவதால் என்ன கிடைக்கிறது?

பதில்: உயரமும் அமைதியும் கிடைக்கின்றன. மிகை அதிர்வெண் (விஎச்எஃப்) அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. அடிவானம் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான் அவை எளிதாக எட்டும். ஆன்டெனா நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் வானொலி அடிவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைத்துவிடும். சமதரையில் 10 மீட்டர் உயரக் கம்பத்துக்கு அது 13 கிலோமீட்டர். சுற்றுப்புறத்தைவிட 900 மீட்டர் உயர்ந்த ஒரு சிகரத்துக்கு ஏறத்தாழ 124 கிலோமீட்டர். கையடக்கக் கருவி ஒன்றே அங்கே பெரிய நிலையமாகிவிடுகிறது. அமைதி என்று நான் சொல்வது காதுக்கான அமைதியை மட்டுமல்ல. வீடுகளில் உள்ள சார்ஜர்களும் எல்இடி விளக்குகளும் எழுப்பும் மின்னிரைச்சல் உச்சியில் இருப்பதில்லை என்பதால், வீட்டில் அந்த இரைச்சலுக்குள் புதைந்துபோகும் மெல்லிய மோர்ஸ் (புள்ளி-கோடு ஒலிக்குறியீடு) ஒலிகூட அங்கே தெளிவாகக் கேட்கும். முதன்முறை அதைக் கேட்டபோது என் கருவியில் ஏதோ பழுதென்றே நினைத்தேன். அவ்வளவு நிசப்தமாக இருந்தது.

கேள்வி: 'சோட்டா' என்கிறார்களே, அதன் விதிகள் யாவை?

பதில்: 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' (சிகரங்களிலிருந்து வானொலியில் பேசும் திட்டம்) என்ற பெயரின் சுருக்கம் அது. பிரிட்டனில் 2002 மார்ச் 2 அன்று தொடங்கி, இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. உச்சிக்குச் சென்று அழைப்பவர் ஆக்டிவேட்டர். அவரைத் தேடிப் பிடித்துப் பதிலளிப்பவர் சேஸர். எல்லா மேடும் சிகரமாகிவிடாது. பொதுவாகச் சுற்றியுள்ள நிலத்திலிருந்து குறைந்தது 150 மீட்டர் தனித்து எழுந்திருக்க வேண்டும் (சில பகுதிகளில் 100 மீட்டர் என்றும் ஏற்கப்படுகிறது). ஒவ்வொரு சிகரத்துக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. உயரத்தைப் பொறுத்து 1 முதல் 10 வரை புள்ளிகள் உண்டு. உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டருக்குள் நின்று பேச வேண்டும். கருவிகளை நீங்களே சுமந்து செல்ல வேண்டும். வாகனத்தின் மின்சாரமோ எரிபொருள் ஜெனரேட்டரோ கூடாது. தரையில் உள்ள ரிப்பீட்டர் (ஒலியை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) வழியாகச் செய்த தொடர்புகள் கணக்கில் சேராது. நான்கு வெவ்வேறு நிலையங்களுடன் தொடர்பு கொண்டால் புள்ளிகள் உங்களுக்கு; ஒரே சிகரத்துக்கு ஓர் ஆண்டில் ஒருமுறைதான் அவை கிடைக்கும். இப்படி 1000 புள்ளிகள் சேர்த்தவரை 'மலை ஆடு' என்று பட்டம் சூட்டி அழைக்கிறார்கள். விதிகளை மனப்பாடம் செய்வதைவிட ஒருமுறை ஏறிப் பார்ப்பதே நல்லது.

கேள்வி: மூன்று சிகரங்களுக்குச் சென்று வந்துவிட்டேன். அனுபவத்தை எழுதிப் பிறருடன் பகிர ஆசை. எழுத உட்கார்ந்தால் 'காலையில் கிளம்பினேன், காட்சி அழகாக இருந்தது, இத்தனை தொடர்புகள் கிடைத்தன' என்பதற்கு மேல் ஓடவில்லை. நிறையப் படங்கள் மட்டும் இருக்கின்றன. எதை எழுதுவது?

பதில்: உங்களுக்குப் பின் அதே சிகரத்துக்கு ஏறப்போகும் ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். அவருக்கு வேண்டியது நீங்கள் கண்ட அழகு அல்ல. அதை அவரே காண்பார்.

சில ஆண்டுகளுக்கு முன், முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய பயணக் குறிப்பைப் படித்துவிட்டு ஒரு மொட்டைக் குன்றுக்குச் சென்றேன். மரமில்லை, பாறையில் முளையும் இறங்காது. அந்தக் குறிப்பில் ஒரு வரி இருந்தது: உச்சியின் வடக்கு ஓரத்தில் இடுப்பளவுக்கு ஒரு பழைய வேலிக்கம்பம் நிற்கிறது, ஆன்டெனாக் கம்பைக் கட்ட அது போதும் என்று. நான் போய்ச் சேர்ந்தபோது காற்று தள்ளிக்கொண்டிருந்தது, விரல்கள் விறைத்திருந்தன. அந்தக் கம்பத்தைக் கண்டதும் ஆறு மீட்டர் கண்ணாடியிழைக் கம்பை இரண்டு பட்டைகளால் அதனோடு இறுக்கி, கம்பியின் நுனியை மேலே ஏற்றிவிட்டுக் கருவியைத் திறந்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் அன்று பேசாமலே இறங்கியிருப்பேன். திரும்பி வந்து நான் எழுதிய குறிப்பில், கம்பம் அடியில் உளுத்துச் சற்றே சாய்ந்திருக்கிறது, நீளமான கம்பைத் தாங்காது என்று சேர்த்தேன்.

ஆகவே, நடை எங்கே தொடங்குகிறது, சுமையுடன் எவ்வளவு நேரம் ஆனது, எந்தப் பிரிவில் பாதை தவற வாய்ப்பு உண்டு, தனியார் நிலத்தைக் கடக்க அனுமதி கேட்க வேண்டுமா என்பவற்றை முதலில் சொல்லுங்கள். பிறகு உச்சி: கம்பி விரிக்க எவ்வளவு இடம் இருக்கிறது, கட்டுவதற்கு என்ன கிடைக்கும், காற்றுக்கு மறைவு உண்டா, பிற நடைப்பயணிகள் எந்தப் பக்கம் கூடுகிறார்கள் (அவர்கள் காலில் நம் கம்பி சிக்கலாகாது), அருகில் ஒலிபரப்புக் கோபுரம் ஏதும் நின்று உங்கள் கருவியின் காதை அடைக்கிறதா. கைபேசி சிக்னல் எட்டுகிறதா என்பதைத் தவறாமல் எழுதுங்கள்; ஏறுபவர் உச்சியிலிருந்து தம் அதிர்வெண்ணைச் சேஸர்களுக்கு அறிவிக்க முடியுமா என்பது அதைப் பொறுத்ததே.

கருவிகளைப் பற்றி எழுதும்போது பெயர்களை அடுக்குவதோடு நிறுத்தாதீர்கள். 14 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 10 மீட்டர் நீள அரை அலைக் கம்பி (அலைநீளத்தில் பாதி நீள ஆன்டெனா), 5 வாட், இன்ன கொள்ளளவு பேட்டரி என்று சொன்னால், வாசிப்பவர் தம்மிடம் இருப்பதோடு ஒப்பிட்டுக்கொள்வார். இரண்டு மணி நேரம் பேசிய பின் பேட்டரியில் எவ்வளவு எஞ்சியது என்பது அதைவிடப் பயன் தரும்.

படங்களில் காட்சிப் படம் ஒன்று போதும். கம்பு கட்டிய விதம், பிரிவுப் பாதை, உச்சியின் தரை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் படம் இடுங்கள். படக்கோப்புக்குள் இருப்பிடத் தகவல் ஒளிந்திருக்கும். நடைத்தடத்தை ஜிபிஎஸ் கோப்பாகப் பகிர்ந்தால், அது உங்கள் வீட்டு வாசலில் தொடங்காமல் மலையடிவாரத்தில் தொடங்கும்படி வெட்டிவிடுங்கள்.

கேள்வி: தொடர்புகளைக் குறிக்கும் பதிவேட்டில் எந்த நேரத்தை எழுத வேண்டும்?

பதில்: ஒருங்கிணைந்த உலக நேரத்தை (யுடிசி) மட்டும். தேதியும் அதன்படியே. உங்கள் ஊரில் ஞாயிறு காலையாக இருக்கும்போது உலக நேரத்தில் சனி இரவாக இருக்கலாம். தேதி பிசகினால் எதிர்முனையில் இருப்பவரின் பதிவோடு உங்கள் பதிவு பொருந்தாது. புறப்படும் முன்பே ஒரு கைக்கடிகாரத்தை உலக நேரத்துக்கு மாற்றி வைத்துவிடுவது என் வழக்கம்.

கேள்வி: கடந்த முறை ஒரு மணி நேரம் அழைத்தும் மூன்று தொடர்புகள்தான் கிடைத்தன. உச்சியில் கைபேசி சிக்னலும் இல்லை. புள்ளி இல்லை. இதை எழுதிப் பகிர்வதில் பொருள் உண்டா?

பதில்: கட்டாயம் எழுதுங்கள். நூறு தொடர்புகள் கிடைத்த பயணத்தைவிட இதிலிருந்துதான் பிறர் மிகுதியாகக் கற்றுக்கொள்வார்கள். ஒரு தொடர்பு கிடைத்தாலே அந்தச் சிகரம் முறைப்படி ஒலித்ததாகக் கொள்ளப்படும், புள்ளிதான் கிடைக்காது. உங்களோடு பேசிய மூன்று சேஸர்களுக்கோ அதனால் எந்தக் குறையும் இல்லை. அவர்கள் தம் புள்ளிகளைப் பெறுகிறார்கள்.

ஏன் குறைந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எந்த அதிர்வெண்ணில், எந்த நேரத்தில், எத்தனை நிமிடம் அழைத்தீர்கள்? இரண்டு மீட்டர் பட்டையில் (144 மெகாஹெர்ட்ஸ்) மட்டும் இருந்தீர்களா? போவதைப் பற்றி முன்னறிவிப்பு இட்டிருந்தீர்களா? உங்கள் கடிதத்தில் இவை இல்லை. ஆனால் உச்சியில் கைபேசி சிக்னல் இல்லை என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள், காரணம் அதுவாகவே இருக்கக்கூடும். சேஸர்கள் நாள் முழுதும் எல்லா அதிர்வெண்களையும் துழாவிக்கொண்டிருப்பதில்லை. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்ற அறிவிப்பைப் பார்த்த பிறகுதான் வருகிறார்கள். அடுத்த முறை, போகும் சிகரத்தையும் நேரத்தையும் முந்தைய நாளே அறிவித்துவிட்டு, மோர்ஸ் தெரிந்தால் அதில் அழையுங்கள். ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் என்ற தானியங்கிக் கேட்பு நிலையங்கள் உங்கள் அழைப்புக்குறியை (உரிமத்தோடு தரப்படும் அடையாளப் பெயர்) பிடித்தால், சோட்டாவுக்கான மென்பொருள் ஒன்று அதை முன்னறிவிப்போடு ஒப்பிட்டு நீங்கள் உச்சியில் இருப்பதைத் தானே அறிவித்துவிடும், கைபேசியே தேவைப்படாது.

கேள்வி: உச்சியில் குறிப்பெடுக்கக் கைபேசிச் செயலி நல்லதா, காகிதம் நல்லதா?

பதில்: செயலி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தட்டும், கோப்பாக ஏற்றுவது எளிது. ஆனால் ஒரே நேரத்தில் ஐந்து பேர் கூப்பிடும்போது, ஈரக் கையுறையோடு தொடுதிரையில் அழைப்புக்குறியை அடிக்க முயன்று பாதியை இழந்திருக்கிறேன். குளிரில் பேனா மை இழுக்காது. ஆகையால் நான் கெட்டி அட்டைக் குறிப்பேடும் பென்சிலும் கொண்டுபோகிறேன். பென்சிலை நூலால் குறிப்பேட்டோடு கட்டியிருக்கிறேன். பக்கங்கள் காற்றில் புரளாமல் இருக்க மேலும் கீழும் ரப்பர் வளையம் போட்டிருக்கிறேன்.